மதகின் சாவி யாரிடம்?

சென்ற மாதம் ஒரு மாலையில், காவேரிப்பாக்கம் ஏரிக்கரைமேல் என் பழைய மாணவர் ஒருவரோடு நடந்துகொண்டிருந்தேன். இளங்கலையில் என்னிடம் பொதுத்தமிழ் படித்தவர்; தந்தை மேல்விஷாரத்தில் தோல் தொழிற்சாலையொன்றில் பணிசெய்து ஓய்வுபெற்றவர். மகன் இப்போது சென்னையில் கணிப்பொறி எழுதுகிறார். எங்கள் கல்லூரிப் பட்டச் சான்றிதழ்களைப் ‘பிளாக்செயின்’ என்னும் பொது ஏட்டில் பதிந்துவைக்கும் திட்டமொன்றை அவருடைய சிறு நிறுவனம் முன்வைத்திருக்கிறது. அதை ஆராயும் குழுவில் என் தலைவிதி என்னையும் சேர்த்துவிட்டது. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். ஏடு என்றால் தமிழாசிரியன்தானே என்று சொல்லிச் சமாளித்தேன்.

‘ஐயா, எதில் பதியலாம் என்று நீங்களே சொல்லுங்கள்’ என்று கைப்பேசியை நீட்டினார். அதில் ஓர் அட்டவணை. பாலிகான், ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ் என்று வரிசையாகப் பெயர்கள். எதிரே வினாடிக்கு எத்தனை பதிவுகள், ஒரு பதிவுக்கு எவ்வளவு கட்டணம் என்னும் கணக்கு. கடைசிக் கட்டத்தில் ‘மையமின்மை’ என்று தலைப்பிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைக் குறி போட்டிருந்தது. அந்தப் பச்சைக் குறிதான் இக்கட்டுரையை எழுதவைத்தது.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009இல் தொடங்கிய பிட்காயினும் 2015இல் தொடங்கிய எத்தீரியமும் மெதுவானவை. பிட்காயின் ஏட்டில் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் எழுதப்படும். வினாடிக்கு ஏழு பதிவுகள் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் உச்சக் கணக்கு. எத்தீரியமும் நெடுங்காலம் வினாடிக்குப் பதினைந்தைச் சுற்றியே நின்றது. 2017 டிசம்பரில் ‘கிரிப்டோகிட்டீஸ்’ என்னும் பூனைக்குட்டி விளையாட்டு ஒன்றே அதைத் திணறடித்தது. இந்த மந்தம் வேண்டுமென்றே ஏற்றுக்கொண்டது. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் சாதாரணக் கணினியொன்றில் ஏடு முழுவதையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் தாமே சரிபார்க்க இயல வேண்டும். அதற்காகவே எழுதும் வேகத்தைக் குறைத்துவைத்தார்கள். வேகம் கூடினால் ஏடு பருக்கும். ஏடு பருத்தால் அதைச் சரிபார்க்க வசதியுள்ளோர் சிலரே எஞ்சுவர். வேகம், பாதுகாப்பு, மையமின்மை ஆகிய மூன்றையும் ஒருசேர முழுமையாகப் பெறுவது அரிது என்பதை எத்தீரியத்தின் மூலவரான விட்டாலிக் புட்டெரின் ‘முச்சிக்கல்’ என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தார்.

இந்த மந்தத்துக்குக் கண்ட வழிதான் விரிவாக்க வலையமைப்புகள். நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்தே மாணவருக்கு உவமை சொன்னேன். பாலாற்றிலிருந்து ஒவ்வொரு வயலுக்கும் நேரடியாக வாய்க்கால் வெட்ட முடியாது. ஆற்றுநீரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாலாஜாவை அடுத்துக் கட்டிய அணைக்கட்டு மறித்துத் திருப்புகிறது. கால்வாய்வழி அது இந்த ஏரிக்கு வருகிறது. ஏரியிலிருந்து மதகுகள்வழி வயல்களுக்குப் போகிறது. ஆறு மூல ஏடு. ஏரி விரிவாக்க வலையமைப்பு. அன்றாடப் பாசனம் ஏரியோடு முடிந்துவிடும். ஆற்றோடு கணக்கு எப்போதோ ஒருமுறைதான். இவ்வலையமைப்புகளும் ஆயிரக்கணக்கான பதிவுகளைத் தம்மிடமே முடித்துக்கொண்டு, அவற்றின் சாரத்தை மட்டும் மூல ஏட்டுக்கு அனுப்புகின்றன.

ஏரி வந்துவிட்டால் நீர்க்கட்டியும் வந்துவிடுவார். எந்த மதகை எப்போது திறப்பது, யார் வயலுக்கு முன்நீர், யாருக்குப் பின்நீர் என்று பார்த்துப் பாய்ச்சியவர் அவர். விரிவாக்க வலையமைப்புகளில் அவருக்குச் ‘சீக்வென்சர்’ என்று பெயர். பதிவுகளை வரிசைப்படுத்தும் கணினி. பெரிய வலையமைப்புகள் பெரும்பாலானவற்றில் இவ்வேலையை ஒரே நிறுவனத்தின் கணினிதான் செய்கிறது. அட்டவணையில் காணும் வேகமெல்லாம் இந்த ஒற்றை நீர்க்கட்டியின் வேகம். அதற்குப் பக்கத்திலேயே மையமின்மைக்குப் பச்சைக் குறி போடுவது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது.

வேகம் மட்டுமே வேண்டுமென்றால் இத்தனை பாடும் எதற்கு? நம் யூபிஐ 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்களைச் செய்து முடித்தது. வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு 7,400க்கும் மேல். வாலாஜா சந்தையில் கீரை விற்கும் அம்மாள் அதைத்தான் பயன்படுத்துகிறார். அது முழுக்க முழுக்க ஒரு மையத்தை நம்பிய அமைப்பு. 2025 மார்ச்சிலும் ஏப்ரலிலும் சில மணி நேரம் தடைப்பட்டபோது நாடெங்கும் கடைவாசல்களில் மக்கள் கைப்பேசியோடு நின்றதையும் பார்த்தோம். இருந்தும் அது நம் தேவைக்குப் போதும். ஆகவே ஒருவர் பிளாக்செயினின் தொல்லைகளைத் தலையில் சுமக்கிறார் என்றால் அதற்கு ஒரே நியாயம்தான் இருக்க முடியும்: மதகை எவரும் தனியே அடைத்துவிட முடியாது என்னும் உறுதி. அந்த உறுதி இல்லாத வேக வலையமைப்பு, யூபிஐயைவிட மோசமாக ஓடும் யூபிஐ.

அட்டவணையின் முதற்பெயரை எடுத்துக்கொள்வோம். பாலிகான் நம் நாட்டவர் தொடங்கியது என்பதில் எனக்கும் ஒரு பெருமிதம் உண்டு. ஜெயந்தி கனானி, சந்தீப் நைல்வால், அனுராக் அர்ஜுன் ஆகியோர் 2017இல் ‘மேட்டிக்’ என்ற பெயரில் தொடங்கினர். 2021இல் அது பாலிகான் ஆயிற்று. அதன் முதன்மைச் சங்கிலியில் நூற்றையொட்டிய எண்ணிக்கையில் சரிபார்ப்போர் உள்ளனர். இந்த வகையில் ஒற்றைச் சீக்வென்சரைவிட மேல். ஆனால் எத்தீரியத்தில் இருக்கும் அதன் ஒப்பந்தங்களை மாற்றும் அதிகாரம், 2021இல் அந்நிறுவனமே வெளியிட்ட விளக்கத்தின்படி, எட்டுச் சாவிகளில் ஐந்தின் கையில் இருந்தது. அவ்வெட்டில் நான்கு நிறுவனர்களுடையவை.

அதே ஆண்டு டிசம்பரில் ஒரு சோதனை வந்தது. சங்கிலியின் நிரலில் பெரும் ஓட்டை இருப்பதை நல்லெண்ணம் கொண்ட நிபுணர் ஒருவர் தெரிவித்தார். மொத்தமுள்ள 1,000 கோடி டோக்கன்களில் 920 கோடிக்கு மேல் களவுபோகக்கூடிய நிலை. இரண்டு நாள்களுக்குள், காரணத்தை வெளியே சொல்லாமல், சரிபார்ப்போரைக் கொண்டு சங்கிலியையே மாற்றி எழுதினார்கள். அதற்குள் எட்டு லட்சம் டோக்கன்கள் திருடுபோயிருந்தன; மற்றவை தப்பின. மாதக் கடைசியில்தான் ஊருக்குச் செய்தி தெரிந்தது. இதைக் குற்றமாகச் சொல்வதா, சாமர்த்தியமாகச் சொல்வதா என்று இன்றும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. நள்ளிரவில் கரை உடையப் போகிறது என்று தெரிந்தால் ஊர்க்கூட்டம் கூட்டிக்கொண்டிருக்க முடியாதுதான். ஆனால் இரண்டு நாளில் ஓசையின்றி ஏட்டின் விதியையே மாற்றும் வல்லமை ஒரு சிறு குழுவுக்கு இருந்தது என்பதும் அன்று வெளிப்பட்டுவிட்டது.

சாவிகள் சிலரிடம் குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரோனின் போதும். ஒரு விளையாட்டுக்காக எழுந்த வலையமைப்பு அது. ஒன்பது சாவிகள், ஐந்து சேர்ந்தால் கதவு திறக்கும். நான்கு சாவிகள் ஒரே நிறுவனத்திடம். ஐந்தாவதாக இன்னோர் அமைப்பின் சார்பில் கையொப்பமிடும் அனுமதியை எப்போதோ வாங்கி, திரும்பப் பெற மறந்துபோயிருந்தார்கள். 2022 மார்ச்சில் ஏறத்தாழ 60 கோடி டாலருக்கு மேல் களவுபோயிற்று. களவு நடந்தது தெரியவே ஆறு நாள் ஆனது! காகிதத்தில் ஒன்பது பேர். உண்மையில் ஒரே வீடு.

ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ் போன்றவை ‘ரோலப்’ என்னும் வேறு வகை. இங்கே நீர்க்கட்டி ஒருவரே என்றாலும் அவர் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்ப முடியாதபடி ஓர் ஏற்பாடு உண்டு. அவர் எழுதும் கணக்கின் மூலத்தரவு எத்தீரியத்துக்குப் போகிறது. கணக்கு பொய்யென்று ஒருவர் ஏழு நாள் அளவில் மறுத்து நிறுவலாம். இந்த மறுக்கும் உரிமை நெடுங்காலம் பொறுக்கியெடுத்த சிலருக்கு மட்டுமே இருந்தது. ஆப்டிமிசம் 2024 ஜூனில்தான் அதை எல்லார்க்கும் திறந்தது. ஆகஸ்டில் தணிக்கையில் பிழைகள் தென்படவே சிறிது காலம் மீண்டும் மூடிவைத்தது. ஆர்பிட்ரம் 2025 பிப்ரவரியில் திறந்தது. ‘மையமற்றது’ என்று விளம்பரம் செய்யத் தொடங்கியதற்கும் அதற்கான கதவு திறந்ததற்கும் இடையே ஆண்டுகள் ஓடியிருக்கின்றன.

நீர்க்கட்டி திருட முடியாது. ஆனால் மதகைத் திறக்காமல் இருக்கலாம் அல்லவா? 2024 ஜூனில் லீனியா என்னும் ரோலப்பில் ஒரு செயலி கொள்ளையடிக்கப்பட்டபோது, அதை நடத்தும் நிறுவனம் சீக்வென்சரையே நிறுத்திவிட்டது. நல்ல நோக்கம்தான், ஆனால் கொள்ளைக்குச் சற்றும் தொடர்பில்லாதவர்களின் பதிவுகளும் அந்நேரம் நின்றன. பேஸ் 2025 ஆகஸ்டில் அரைமணி நேரம் ஓடாமல் நின்றது. அது வெறும் பழுது.

பழைய ஏரிகளில் இதற்கொரு பதில் உண்டு. மதகுக்கு அடைப்புக் கட்டை உண்டு, அதைத் திறப்பவர் உண்டு. கலங்கலுக்கு எதுவும் கிடையாது. நீர் ஒரு மட்டத்தை எட்டினால் எவர் அனுமதியையும் கேளாமல் தானே வழிந்துபோகும். ரோலப்களில் இந்தக் கலங்கல்தான் நான் தேடும் பொருள். சீக்வென்சர் என் பதிவை மறுத்தால் நானே நேராக எத்தீரியத்தில் அதை இட்டுவிட, குறித்த நேரத்துக்குள் வலையமைப்பு அதை ஏற்றே தீரவேண்டும் என்னும் விதி. ஆப்டிமிசம் வகையில் ஏறக்குறைய அரைநாள், ஆர்பிட்ரத்தில் ஒரு நாள். இவற்றை அளந்து சொல்லும் ‘எல்டூபீட்’ என்னும் தளம் ரோலப்களைச் சுழி, ஒன்று, இரண்டு என்று படிநிலைப்படுத்துகிறது. நடத்துவோர் கைவிட்டாலும் பயனர் தாமே வெளியேற முடியுமா என்பது அவ்வளவையில் முக்கியமான கேள்வி. மாணவரின் அட்டவணையில் இப்படியொரு கட்டமே இல்லை.

இங்கே நம் நண்பர்கள் சிலர் உத்திரமேரூரை இழுத்துக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழன் மையமின்மையைக் கண்டுவிட்டான் என்பார்கள். நானும் அந்தக் கல்வெட்டுகளை வகுப்பில் நடத்துபவன்தான். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறித்தவை. முப்பது குடும்புகள், குடவோலை, ஏரி வாரியத்துக்கெனத் தனி உறுப்பினர், ஆண்டுக்கொருமுறை மாற்றம், ஒருமுறை வாரியம் செய்தவர் மூன்றாண்டுக்கு மீண்டும் வரக்கூடாது, கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியிழப்பர். இந்தக் கடைசி விதியை ரோனினில் வைத்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் அதே கல்வெட்டு, கால்வேலிக்கு மேல் இறைநிலம் உடையவனே ஓலையில் பெயரெழுதத் தகுதியுள்ளவன் என்கிறது. வேதம் கற்றிருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். எங்கள் காவேரிப்பாக்கமும் அவனிநாராயண சதுர்வேதிமங்கலம் என்று பெயர்பூண்டிருந்த பிரமதேயம்தான். ஏரியை வெட்டியவனுக்கும் சேற்றில் இறங்கி மதகைத் திறந்தவனுக்கும் குடத்தில் ஓலை கிடையாது.

இன்றைய சங்கிலிகளின் ‘பங்குவைப்பு’ முறை எனக்கு அந்தக் கால்வேலியைத்தான் நினைவூட்டுகிறது. டோக்கன் வைத்திருப்பவருக்கே சரிபார்க்கும் இடம். அதிகம் வைத்திருப்பவருக்கு அதிகக் கனம். அதிகாரம் பலரிடம் பரவியிருக்கிறது என்று சொன்னால், யாரிடம் என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. நூறு நிலவுடைமையாளர்களிடம் பரவியிருப்பதும் பரவல்தான்.

இவ்வளவு தூரம் நான் கவலைப்படக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதிப் பெண் ஒருத்திக்கு வளைகுடா நாடொன்றில் செவிலியர் வேலை கிடைத்தது. அவள் பட்டயம் பெற்ற தனியார் நிறுவனம் அதற்குள் மூடப்பட்டிருந்தது. சான்றிதழ் மெய்யானதா என்று அங்கிருந்து வந்த கடிதத்துக்குப் பதில் சொல்ல ஆளில்லை. கட்டடத்தில் வேறொரு கடை நடந்துகொண்டிருந்தது. வேலை போயிற்று. கையில் இருந்த தாள் அசல்; ஆனால் அசல் என்று சொல்வதற்கு உலகில் ஒருவரும் இல்லை. வழங்கியவர் இல்லாமற்போன பிறகும் சான்று நிற்க வேண்டும் என்பதே இப்பொது ஏட்டிடம் நான் எதிர்பார்ப்பது. மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டம் ஏட்டப்பள்ளியில் 65,000 சாதிச் சான்றிதழ்களைப் பாலிகானில் பதியும் திட்டத்தை 2022இல் அறிவித்தபோது நான் மகிழ்ந்ததும் இதனால்தான். சாதிச் சான்றிதழுக்காக இருளர் வீட்டுப் பிள்ளைகள் அலுவலகம் அலுவலகமாக அலைவதைக் கண்ட எவருக்கும் அந்த மகிழ்ச்சி புரியும்.

நம் மாநில அரசு 2020இல் பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது. ‘நம்பிக்கை இணையம்’ என்று அழகான பெயரில் ஓர் அமைப்பும் கண்டது. மைய அரசு 2024 செப்டம்பரில் ‘விஷ்வஸ்யா’ என்பதைத் தொடங்கியது. புவனேசுவரம், புனே, ஐதராபாத் ஆகிய மூன்றிடங்களில் அதன் கணினிகள் உள்ளன. மூன்று ஊர்கள், ஒரே வீட்டுக்காரர். அரசு நிலைத்தது என்பதால் இதில் பெரிய ஆபத்தில்லை என்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சான்று கோருபவரும் அதை மறுக்கக்கூடியவரும் எதிரெதிரே நிற்கும் வழக்குகளில், மறுக்கக்கூடியவரின் பெட்டியிலேயே ஏடும் இருப்பது எனக்கு உறுத்துகிறது.

சரி, பாலிகான் போன்றவற்றில் பதிந்தால் நிலைக்குமா? அந்நிறுவனமே 2023 மார்ச்சில் தொடங்கிய ‘சீக்கே-ஈவிஎம்’ என்னும் இன்னொரு வலையமைப்பு கணித உறுதியில் தன் மூத்த சங்கிலியைவிட மேலானது என்று புகழப்பட்டது. 2025 ஜூனில், மறு ஆண்டு அதை மூடிவிடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். பயனர் குறைவு, செலவு அதிகம். பணம் வைத்திருந்தவர் எடுத்துக்கொண்டு போகலாம். சான்றிதழை எங்கே எடுத்துக்கொண்டு போவது? 2024 மார்ச்சில் நடந்த மாற்றத்துக்குப் பின் ரோலப்களின் கட்டணம் பெருமளவு வீழ்ந்ததைக் கொண்டாடுகிறோம். அந்த மலிவு எப்படி வந்தது என்று பார்த்தால், எத்தீரியத்துக்கு அனுப்பும் மூலத்தரவை ஏறத்தாழ 18 நாளில் கணினிகள் நீக்கிவிடலாம் என்று விதியைத் தளர்த்தியதால் வந்தது. பணப் பரிமாற்றத்துக்குப் பதினெட்டு நாள் போதும். பதினெட்டு ஆண்டு கழித்து மகளின் பட்டத்தை நிறுவ வேண்டிய குடும்பத்துக்குப் போதாது.

கரையில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னபோது மாணவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ‘அப்படியானால் எதிலுமே பதிய வேண்டாம் என்கிறீர்களா ஐயா?’ என்றார். அப்படியில்லை. நம் கல்லூரியில் பட்டமளிப்பு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. வினாடிக்கு ஆயிரம் பதிவு நமக்கெதற்கு? அவ்வாண்டின் எல்லாச் சான்றிதழ்களின் கணித அடையாளங்களையும் மரக்கிளைபோல் இணைத்து இணைத்து ஒரே எண்ணாகச் சுருக்கலாம். அந்த ஓர் எண்ணை மட்டும், மெதுவான அந்த மூல ஏட்டிலேயே ஆண்டுக்கொருமுறை எழுதிவிடலாம். 2017இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. 111 மாணவர்க்குப் பட்டம் வழங்கியபோது பிட்காயினில் இம்முறையைத்தான் கையாண்டது. மாணவர் ஒவ்வொருவரிடமும் தம் சான்றிதழும் அதன் கிளைவழியும் இருந்தால் போதும். கல்லூரியே இல்லாமற்போனாலும் எவரும் சரிபார்க்கலாம். கட்டணம் ஆண்டுக்கு ஒரு பதிவுக்கானது மட்டும். துபாயிலிருந்து மாதந்தோறும் வீட்டுக்குப் பணமனுப்பும் எளியவருக்கு விரிவாக்க வலையமைப்பு வேண்டும். அவர் கலங்கல் உள்ளதாகப் பார்த்துத் தேர்ந்துகொள்ளட்டும். நமக்கு ஆறே போதும்.

‘ஆனால் ஐயா, எங்கள் நிறுவனம் சான்றிதழ் ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான் விலை சொல்லியிருக்கிறது’ என்றார், கொஞ்சம் தயங்கி. சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அட்டவணையை ஒரு கட்டம் கூட்டித் திருத்தி அனுப்புவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார். குழுக் கூட்டம் வரும் வியாழக்கிழமை.